வியட்நாம், மேலூர் ரோடு

அக்டோபர் 6, ஞாயிறு

அம்மா இன்று வீடியோ காலில் ஜன்னலைத் திறந்து வெளியே காட்டச் சொன்னாள். "ஊரு எப்படி இருக்குன்னு பார்ப்போம்டா."

திறந்தால் தெரிவது ஒரு பால் பூத், அதன் பக்கத்தில் ஒரு பசு, அதை ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடிக்கும் ஸ்ரீரங்கம் டவுன் பஸ். "தொறக்காதும்மா, ஏசி ரூம்" என்றேன். அம்மா உடனே திரும்பி, "ஏசியாம்டி" என்று தங்கச்சி சுபஸ்ரீக்குச் சொன்னாள். தலைக்கு மேலே ஃபேன் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அது படத்தில் விழவில்லை.

நடந்ததை எல்லாம் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் எது நிஜம் என்று எனக்கே மறந்துபோகும் போலிருக்கிறது. ஜூனில் வியட்நாம் போனேன், குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க. தொட்டியம் பஸ் ஸ்டாண்டில் என் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஏர்போர்ட்டுக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அங்கே போனால் பள்ளி மேனேஜரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெற்றோர் வெளிநாட்டு ஆசிரியரைத்தான் விரும்புகிறார்கள் என்றாள். நானும் வெளிநாடுதானே என்றேன். சிரித்தாள். ஒரு ரஷ்யாக்காரன் இருந்தான், 'ஹீ கோ' என்றுதான் பேசுவான். ஆனால் மஞ்சள் முடி. அவன் வகுப்பெடுக்க, நான் கலர் பேப்பர் வெட்டினேன், பலூன் ஊதினேன். ஒர்க் பெர்மிட் 'அடுத்த மாதம்' என்றார்கள். விசா முடிகிறவரை அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. திரும்ப அனுப்பும்போது ஆன்லைன் வகுப்பு கொடுத்தார்கள். கேமரா போடக்கூடாது, கரடி படம்தான். பெயர் டீச்சர் சாம். ஊர் எது என்று சொல்லக்கூடாது.

செப்டம்பரில் திருச்சியில் இறங்கியதும் வீட்டுக்குத்தான் போன் போட்டேன். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "சுபாவுக்கு எடம் அமைஞ்சிருச்சுடா. அண்ணன் வெளிநாட்டுல வாத்தியாருன்னதும் அவங்க மறுபேச்சு பேசல" என்றாள்.

எப்படிச் சொல்ல?

காலேஜ் நண்பன் சித்தார்த் பெங்களூரில் இருக்கிறான். அவன் வாடகைக்கு எடுத்த மாடி இங்கே மேலூர் ரோட்டில் சும்மா கிடந்தது. சாவி கொடுத்தான். ஒளிந்துகொள்ள இந்த உலகத்தில் எனக்குக் கிடைத்தது ஸ்ரீரங்கம். எங்கள் ஊரில் பாதிப் பேர் மாதம் ஒருமுறை வந்து போகிற இடம்.

அக்டோபர் 9, புதன்

"ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "ஐ ஆம் ஃபைன் தேங்க்யூ அண்ட் யூ" என்று ஒரே மூச்சில் கொட்டுகிறது. காய்ச்சலில் போர்வைக்குள் படுத்திருந்த ஒரு பெண்ணும் அதையே சொன்னாள். நீ ஃபைன் இல்லையம்மா, 'ஐ ஆம் சிக்' என்று சொல்லலாம் என்று எத்தனை விதமாக விளக்கியும் நடக்கவில்லை. அவள் அம்மா பின்னாலிருந்து அதட்டினாள். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, இன்னும் சத்தமாக, ஐ ஆம் ஃபைன் தேங்க்யூ.

எரிச்சலோடு லேப்டாப்பை மூடினேன். பிறகு தோன்றியது: ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் என்ன சொல்கிறேனாம்?

அக்டோபர் 17, வியாழன்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் தெரு வெள்ளைச்சாமி மாமாவைப் பார்த்தேன். முசிறி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

திரும்பும்போது ஒரு பாக்கெட் மாஸ்க் வாங்கினேன். கொரோனா எல்லோரையும் விட்டுப் போய்விட்டது, என்னைத் தவிர.

அக்டோபர் 31, தீபாவளி

லீவு கிடையாது. சாமுக்கு ஏது தீபாவளி?

வகுப்பு நடுவில் தெருவில் சரம் வெடித்தது. கரடி படம் அதுபாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்க, பின்னணியில் படபடவென்று சத்தம். பிள்ளைகள் பயந்துபோய்த் தங்கள் மொழியில் ஏதேதோ கேட்டார்கள். "நெய்பர்ஸ் பார்ட்டி" என்றேன். ஊர், மதம், பண்டிகை எதையும் சொல்லக்கூடாது என்பது விதி. மைக்கை மூடி மூடித் திறந்து 'ஃப்ரூட்ஸ்' பாடத்தை முடித்தேன்.

கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் ஆனந்தவள்ளி அம்மா ஒரு தட்டில் ரிப்பன் பக்கோடாவும் அதிரசமும் கொண்டுவந்தார். "ஊருக்குப் போகலையா தம்பி? பெத்தவங்க இருக்காங்கல்ல?"

"இருக்காங்கம்மா. லீவு இல்ல."

"என்ன கால் சென்டரோ, நாள் கெழமை கெடையாது" என்று அலுத்துக்கொண்டே இறங்கிப் போனார். சுபா புதுச் சேலையோடு போட்டோ அனுப்பியிருந்தாள். அழகாக இருந்தாள். அதிரசத்தைத் தின்றுகொண்டே அழுதேன். முப்பத்தியொரு வயதில் இதெல்லாம் தேவையா?

நவம்பர் 20, புதன்

அங்கே இன்று ஆசிரியர் தினம். டீச்சர் சாமைப் படம் வரையும் போட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் படத்தைக் கேமரா முன்னால் தூக்கிக் காட்டியது. மஞ்சள் முடி, நீலக் கண், டை. ஒரு சாம் கையில் பர்கர். எல்லாவற்றுக்கும் "வெரி பியூட்டிஃபுல்" சொன்னேன். ஒரே ஒரு பையன் கரடியை அப்படியே வரைந்திருந்தான். அவனுக்குத்தான் மனதுக்குள் முதல் பரிசு.

வகுப்பு முடிந்ததும் மேனேஜரம்மா செய்தி அனுப்பினாள். பெற்றோர் திருப்தி. ஆனால் 'வெரி'யில் 'ஆர்' எழுத்தை அழுத்துகிறேனாம், குறைக்க வேண்டுமாம். நான் ஆங்கிலத்தில் எம்.ஏ.

டிசம்பர் 5, வியாழன்

'மை ஃபேமிலி' பாடம். "டீச்சர், ஹூ டூ யூ லிவ் வித்?" என்று ஒரு பெண் புத்தகத்தில் இருந்தபடியே கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் சம்பளம். வாயில் வந்தது, "ஐ லிவ் அலோன்."

ஆசிரியர் ஒரு வாக்கியம் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று நான்தான் பழக்கி வைத்திருக்கிறேன். அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், சந்தோஷமாக, "ஐ லிவ் அலோன்!" சரியாகச் சொன்னார்கள். நான் "குட்" சொல்லாததால் இன்னொரு தடவை சொன்னார்கள்.

டிசம்பர் 22, ஞாயிறு

சுபா கல்யாணம் பிப்ரவரி 2. தொட்டியத்திலேயே மண்டபம். நல்லவேளையாக அப்போது வியட்நாமில் அவர்களுடைய புத்தாண்டு விடுமுறை. 'லீவு கெடச்சிருச்சும்மா' என்றபோது முதல்முறையாக உண்மை பேசினேன்.

அப்பா போனை வாங்கினார். அப்பா அதிகம் பேசமாட்டார். வாழையைப் பற்றி மட்டும்தான் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வரும். "ஏர்போர்ட்டுக்கு வேன் சொல்லிட்டேன்."

"வேன் எதுக்குப்பா? நானே பஸ்ல வந்துடறேன்."

"வெளிநாட்டுலேர்ந்து வர்ற புள்ள பஸ்லயா வரும்? நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

இது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஒருத்தன் துபாயிலிருந்து வந்தால் தெருவே வேன் ஏறும். போகிறவனைவிட வழியனுப்புகிறவர்களும், வருகிறவனைவிட அழைக்க வருகிறவர்களும்தான் அதிகம். இதை எப்படி மறந்தேன்? ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி விமானத்திலிருந்து இறங்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

ஜனவரி 10, வெள்ளி, வைகுண்ட ஏகாதசி

அம்மா ஊர்ப் பெண்களோடு இன்று இங்கே வருகிறாள் என்று தெரியும். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பது என்று நேற்றே முடிவு செய்திருந்தேன். காலையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போனேன்.

உத்திர வீதியில் அத்தனை கூட்டத்திலும் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு கடை வாசலில், செருப்பை மஞ்சள் பையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்குச் சாயம் போடுவதை நிறுத்திவிட்டாள் போல. வீடியோவில் இது தெரியவில்லையே. எதிர்ப்பக்கம் பூக்கடைத் தட்டிக்குப் பின்னால் நான் நின்றேன். நடுவில் தெருவின் அகலம் மட்டும்.

அம்மா போனை எடுத்து அழுத்தினாள். என் சட்டைப்பையில் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"சாமி பார்த்துட்டேன்டா. உனக்குத்தான் வேண்டிக்கிட்டேன். அங்க தனியா கெடக்கிறியே..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து போலீஸ் மைக்கில், "பக்தர்கள் திருடர்களிடம் ஜாக்கிரதையாக இருக்கவும்." ஒரு காதில் நேராக, இன்னொரு காதில் அம்மா போன் வழியாக. என் போன் வழியாக அவளுக்கும் கேட்டிருக்கும். சட்டென்று துண்டித்துவிட்டேன்.

அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அத்தையிடம் ஏதோ கேட்டாள். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அம்மா போனைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பெத்த அம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கா, ஒரு வாய் தண்ணி வாங்கிக் கொடுக்க முடியல. என்ன பொழப்பு இது.

ஜனவரி 26, ஞாயிறு

திட்டம்: காலையில் கோலாலம்பூர் விமானம் ஒன்று வருகிறது. அதில் மாறி வருவதாகச் சொல்லியாகிவிட்டது. சீக்கிரமே போய், வெளியே வரும் வாசல் பக்கம் பெட்டியோடு நின்றுகொள்ள வேண்டும். பயணிகள் வர ஆரம்பித்ததும் அந்தக் கும்பலோடு கலந்து நடந்து வேனுக்குப் போய்விட வேண்டும். மலேசியா சாக்லேட் பர்மா பஜாரில் வாங்கிவிட்டேன். பெட்டியில் பழைய விமானச் சீட்டுத் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருடனுக்குக்கூட இவ்வளவு வேலை இருக்காது.

ஜனவரி 28, செவ்வாய்

தொட்டியம். என் வீடு. என் கட்டில். 

ஏர்போர்ட்டில் கம்பித் தடுப்பு ஓரமாக மாஸ்க்கும் தொப்பியுமாக நின்றேன். விமானம் இறங்கிவிட்டது, ஆட்கள் இன்னும் வெளியே வரவில்லை. தடுப்பை ஒட்டி நல்ல கூட்டம். யாரோ என்னை இடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். கஞ்சி போட்ட வேட்டி, கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் ரோஜா மாலை. கண்ணாடிக் கதவிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "தம்பி, மலேசியா பிளேன் எறங்கிருச்சுங்களா?"

அப்பா.

நகர்ந்திருக்கலாம். தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். முடியவில்லை. "எறங்கிருச்சுப்பா" என்றேன்.

அவர் உடனே திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியாக என் முகம். நான் மாஸ்க்கைக் கழற்றினேன்.

"எப்ப வந்த?"

"செப்டம்பர்ல."

"எங்க இருக்க?"

"ஸ்ரீரங்கத்துலப்பா."

அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சோத்துக்கு என்ன பண்ற?" என்று மட்டும் கேட்டார். மெஸ்ஸில் சாப்பிடுகிறேன் என்றேன். எனக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். வேலை போனது, சுபா சம்பந்தம், ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் கொட்டினேன். அதற்குள் நிஜப் பயணிகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் ஒரு குடும்பம் வந்து மொய்த்தது.

"கல்யாணம் முடியட்டும்" என்றார் அப்பா. "சம்பந்தி வீட்டு காதுக்குப் போகக்கூடாது. பொய் சொல்லிப் பொண்ணு கொடுத்தோம்னு ஆயிடும். ஒங்கம்மாகிட்டயும் மூச்சு விடாதே." பையைத் திறந்து மாலையை எடுத்தார். அதை என் கழுத்தில் போட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்தார். பெட்டியை அவரே உருட்டிக்கொண்டு வேனுக்கு நடந்தார். தூரத்திலிருந்தே அம்மா ஓடி வந்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கல்யாணம் நன்றாக நடந்தது. மைத்துனன் மோதிரம் போட்டேன். மாப்பிள்ளை நல்ல பையன். "வியட்நாம் பாஷையில ஏதாவது பேசுங்க மச்சான்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். வணக்கம் சொன்னேன். கைதட்டினார்கள். அப்பா பந்தி பார்க்கப் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 5, புதன்

திரும்ப வேன். திரும்ப ஏர்போர்ட். பூண்டுத் தொக்கு, எலுமிச்சை ஊறுகாய், அம்மா அழுகை. நான் உள்ளே போகும்வரை நிற்கிறோம் என்றார்கள். டிக்கெட் இல்லாமல் எந்த உள்ளே போவது? "வேன்காரருக்கு வேற சவாரி இருக்காம், ஏறுங்க எல்லாரும்" என்று அப்பா விரட்டினார். வேன் ஓட்டியவர் விழித்தார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

வேன் மறைந்ததும் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன். கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். மாடியேறும்போது ஆனந்தவள்ளி அம்மா, "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா தம்பி?" என்றார். தொக்கில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

இப்போதெல்லாம் அப்பாதான் முதலில் போனை எடுக்கிறார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அங்க குளிரா?" என்கிறார். "ஆமாப்பா, குளிரு" என்கிறேன். இங்கே பனியனே நனைந்து ஒட்டுகிறது. அவருக்கும் அது தெரியும். தொட்டியத்திலும் அதே வெயில்தான்.

முன்பு நான் ஒருவன் நடித்தேன். இப்போது அவரையும் மேடையில் ஏற்றிவிட்டேன். அவருக்கு நடிக்க வராது. மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பது போல ஒப்பிக்கிறார்.

மார்ச் 19, புதன்

அப்பா ஒருநாள் வந்து அறையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். வரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அம்மா குளிக்கப் போன சமயத்தில் கேட்டுவிட்டேன்: "எப்பப்பா வீட்டுக்கு வரட்டும்?"

"சுபாவுக்குத் தாலி பிரிச்சுக் கோக்கட்டும்."

"அப்புறம்?"

"ஆடிக்கு அழைச்சு அனுப்பிடுவோம். அதுக்கப்புறம் பார்க்கலாம்."

வியட்நாமில் மேனேஜரம்மா சொன்ன அதே அடுத்த மாதம். எந்த ஊருக்கும் எனக்குப் பெர்மிட் கிடைப்பதில்லை. அப்பாமேல் கோபம் வந்தது. அப்புறம் பாவமாக இருந்தது. என் பொய்யைச் சுமக்க வைத்தது நான்தானே.

மே 5, திங்கள்

நேற்று சாயங்காலம் பேய்க்காற்று, பிறகு மழை. இங்கே ஆனந்தவள்ளி அம்மாவின் தகர ஷீட் ஒன்று பறந்தது. எனக்குத் தொட்டியம் வாழைதான் ஞாபகம் வந்தது. எத்தனை தடவை அடித்தும் யாரும் போனை எடுக்கவில்லை.

இன்று காலை அப்பா கூப்பிட்டார். வயலில் நின்று பேசுகிறார் என்று தெரிந்தது, சுற்றிலும் குரல்கள். "குலை தள்ளுன மரம் பூரா படுத்துருச்சு. முட்டுக் கொடுத்தது எதுவும் நிக்கல. ஆளு கேட்டா ஒருத்தன் கெடையாது, எல்லாருக்கும் இதே கதி." பக்கத்தில் யாரோ, "மவன் என்ன சொல்றாரு?" என்று கேட்டார்கள். "அவன் அம்புட்டுத் தொலவுல இருந்துக்கிட்டு என்ன பண்ணுவான் பாவம்" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, என்னிடம், "நீ ஒடம்பப் பார்த்துக்க" என்றார். அந்தக் குரலில் நடிப்பு இல்லை. அழுதுகொண்டிருந்தார்.

சாமுக்கு உடம்பு சரியில்லை என்று மேனேஜரம்மாவுக்குச் செய்தி போட்டேன். சாம் படுத்துக் கிடக்கட்டும். எனக்கு வேலை இருக்கிறது.

மாஸ்க் போடாமல் சத்திரத்தில் நாமக்கல் பஸ் ஏறினேன். முசிறி தாண்டியதும் அப்பாவுக்கு அடித்தேன். "பஸ்ல வர்றேம்ப்பா. முசிறி தாண்டிட்டேன்."  திட்டுவார், அங்கேயே இறங்கிக்கொள் என்பார் என்று காத்திருந்தேன்.

"சீட்டு கெடச்சுதா?" என்றார்.

தொட்டியத்தில் இறங்கினேன். முழங்கால்வரை சேற்றோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். டீக்கடையில் வெள்ளைச்சாமி மாமா உட்பட நாலைந்து பேர். மாமாதான் முதலில் பார்த்தார். "அட, வியட்நாம் தம்பி! எப்பப்பா பிளேன் எறங்குன?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"பிளேன்லாம் இல்ல மாப்ள. ஸ்ரீரங்கத்துலேர்ந்து பஸ்ல வர்றான். செப்டம்பர்லேர்ந்து அங்கதான் இருக்கான். அங்க வேல போயிருச்சு. எனக்குத் தெரியும், நாந்தான் சொல்ல வேணாம்னேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.  மாமா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார். "ஒக்காருப்பா. டீ குடிச்சிட்டு வயலுக்குப் போ. நானும் வர்றேன்."

டீ குடித்தோம். அப்பா கடைக்காரரிடம் அரிவாள் ஒன்று இரவல் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தார். மூன்று பேரும் வாய்க்கால் ஓரமாக நடந்தோம்.